ஓங்கிலும் சூரையும் ஒரே மீன்கூட்டத்தில்: சேர்ந்து வேட்டையாடுபவை பங்கிட்டு உண்கின்றனவா?

2025 வைகாசி 9 – வவுனியாவிலிருந்து ஒரு வாசகரின் கேள்வி

முல்லைத்தீவுக்கு அப்பால் ஆழ்கடலில் ஓங்கில்களும் (டொல்பின்களும்) சூரை மீன்களும் ஆலாப் பறவைகளும் ஒரே மீன்கூட்டத்தைச் சூழ்ந்து வேட்டையாடும் காணொளி ஒன்றைப் பார்த்தேன். அவை திட்டமிட்டு வளைக்கின்றன என்றும், அகப்பட்டதைத் தமக்குள் பங்கிட்டு உண்கின்றன என்றும், மனிதர் அவற்றிடம் ஒற்றுமையைக் கற்க வேண்டும் என்றும் அதில் சொல்லப்பட்டது. இது எவ்வளவு தூரம் சரி?

வைகாசி 9, இரவு

தம்பி, சூழ்ந்து வேட்டையாடுகின்றன என்பது சரி. பங்கிட்டு உண்கின்றன என்பது சரியில்லை. சூரையின் வாய்க்குள் போன நெத்தலி அந்தக் கணமே வயிற்றுக்குள் போய்விடுகிறது. அதைப் பிடித்து வைத்திருக்கவோ கூறு போடவோ சூரைக்குக் கையுமில்லை, நகமுமில்லை. சிங்கக் கூட்டம் ஓர் எருமையை வீழ்த்தினால் அந்த உடல் ஓரிடத்தில் கிடக்கும். அதைச் சுற்றிச் சண்டையும் நடக்கும், பங்கும் நடக்கும். சூடைக் கூட்டம் அப்படியன்று. அது ஆயிரக்கணக்கான தனித்தனிக் கவளங்களாக ஓடிக்கொண்டிருப்பது. ஒவ்வொரு கவளமும் அதைக் கவ்வியவருக்கே உரியது.

எங்கள் கரைவலையோடு ஒப்பிட்டுப் பார்த்தால் வேறுபாடு தெளிவாகும். வலையின் மடியில் விழுந்த மீன் முழுவதும் ஒரே இடத்தில் கரையேறுகிறது. விற்ற பணத்தில் செலவைக் கழித்து வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டிக்கு ஒரு பகுதியும் வலை இழுத்தவர்களுக்கு ஒரு பகுதியுமாகப் பிரிகிறது. பங்கு பிரிப்பதற்கு முதலில் பிடிபட்டதெல்லாம் ஒரு குவியலாகச் சேர வேண்டும். கடலுக்குள் வேட்டையாடும் மீன்களுக்கு அந்தக் குவியல் சேர்வதேயில்லை.

வைகாசி 10

அளம்பிலிலிருந்து ஓர் ஐயா எழுதியிருக்கிறார்: பங்கு இல்லையென்றால் வலியது மற்றவற்றை அடித்துத் துரத்திவிட்டு முழுவதையும் தின்னும், எனவே அங்கே ஓயாத சண்டைதான் இருக்க வேண்டும் என்கிறார். பொருத்தமான ஐயம்தான். ஆனால் கண்டறியப்பட்டது வேறு.

மெக்சிக்கோவின் பாகா கலிபோர்னியாக் கரைக்கு அப்பால் வரிக்கொப்பரன் எனும் நீண்ட அலகுடைய பெரிய மீன்கள் சாளைக் கூட்டங்களைத் தாக்குவதை ஆய்வாளர்கள் பதிவு செய்து, எந்தக் கொப்பரன் எத்தனை மீன் பிடித்தது என்று ஒவ்வொன்றாகக் கணக்கிட்டனர். 2022 இல் வெளிவந்த அந்த ஆய்வின்படி, ஒரு கூட்டத்தில் அடிக்கடி பாய்ந்த பாதிக் கொப்பரன்கள் பிடிபட்ட மீன்களில் 70 முதல் 80 சதவீதத்தைத் தின்றிருந்தன. அதாவது பிரிவு சமமாக இல்லை. ஆனால் ஒன்றையொன்று அடித்து விரட்டும் செயலும் இல்லை. அடிக்கடி பாய்ந்தது அதிகம் தின்றது. ஒதுங்கி நின்றது குறைவாகத் தின்றது.

சண்டை ஏன் இல்லை என்பது எனக்கு மிகவும் சுவையான கேள்வியாகத் தோன்றுகிறது. காவல் காப்பதற்கு அங்கே எதுவும் இல்லை. ஒரு கொப்பரன் தன் அயலானைத் துரத்திக்கொண்டு போனால், அந்த நேரத்தில் மூன்றாவது கொப்பரன் இரண்டு சாளையை விழுங்கிவிடும். மிஞ்சிய சாளைகளும் சிதறிப் போகக்கூடும். துரத்துவதற்குச் செலவாகும் ஒவ்வொரு கணமும் தன் வயிற்றுக்கே இழப்பு. ஆகவே போட்டி மிகக் கடுமையாக நடக்கிறது, ஆனால் அது முந்துவதில் நடக்கும் போட்டி. ஒருவர் மீது ஒருவர் பாயும் போட்டியன்று.

வைகாசி 12

தளப்பத்து எனும், நீண்ட கூரிய அலகுடைய பெரிய மீனைப் பற்றியும் எழுத வேண்டும். எங்கள் பகுதியினர் தளப்பத்தைச் சந்தையில் துண்டாகக் கிடக்கும்போதே அதிகம் அறிவர். உயிரோடு அது வேட்டையாடும் முறை வியக்கத்தக்கது.

பல தளப்பத்துகள் ஒரு சாளைக் கூட்டத்தைச் சுற்றி நின்றாலும், எல்லாம் ஒரே நேரத்தில் உள்ளே பாய்வதில்லை. ஒன்று தன் நீண்ட அலகை மெதுவாகக் கூட்டத்துக்குள் நுழைத்து, பக்கவாட்டில் திடீரென வீசி அடிக்கிறது, பின்பு விலகுகிறது, அடுத்தது வருகிறது. மெக்சிக்கோவின் கரிபியன் கரைக்கு அப்பால் செய்யப்பட்ட ஆய்வுகளில், இப்படியான தாக்குதல்களில் ஏறத்தாழ நான்கில் ஒன்றே மீன் பிடிபடுவதில் முடிந்தது. மற்றைய மூன்றும் வீணா என்றால், இல்லை. அலகில் உள்ள நுண்ணிய பற்கள் பல சாளைகளைக் கீறிச் செதிலை உரித்துவிடுகின்றன. காயம்பட்ட மீன்கள் கூட்டத்தில் பெருகப் பெருக, அடுத்த தாக்குதல்கள் வெற்றி பெறுவது எளிதாகிறது. 2016 இல் வெளியான ஆய்வு இதனைக் காட்டியது.

தம்பியின் முதல் கேள்விக்கு மிக நெருக்கமான பதில் இங்கேதான் இருக்கிறது என்று நினைக்கிறேன். தளப்பத்துகள் மீனைப் பங்கிடுவதில்லை. ஆனால் மீனைக் களைப்படையச் செய்யும் உழைப்பு அவற்றுக்கிடையே பரவிப் போகிறது. ஒன்று காயப்படுத்திய சாளையை மற்றொன்று விழுங்கும். விழுங்கியது எதையும் திருப்பிக் கொடுக்காது. ஆயினும் தனியாக நின்று ஒரு கூட்டம் முழுவதையும் களைப்படையச் செய்வதைவிட இது ஒவ்வொன்றுக்கும் ஆதாயமாக இருக்கிறது.

வைகாசி 12, சற்றுப் பின்

ஒன்று விலக அடுத்தது வருகிறது என்று நான் எழுதியதைப் பார்த்துவிட்டு, கரைவலை இழுக்கும் இடத்தில் முறை வைத்து வலை வளைப்பதைப் போல அவற்றுக்கும் ஒரு வரிசை உண்டா என்று கேட்டிருக்கிறார்கள். அப்படியொரு வரிசை இல்லை. அடிக்கடி பாய்வதும் உண்டு, எப்போதாவது பாய்வதும் உண்டு. ஒரே நேரத்தில் இரண்டு பாய்ந்தால் கூரிய அலகு ஒன்றையொன்று குத்திவிடும் ஆபத்து இருக்கிறது என்பதை வைத்துப் பார்த்தால், ஒன்று உள்ளே இருக்கும்போது மற்றது பொறுத்து நிற்பதற்குப் பண்பைக் காரணம் காட்ட வேண்டியதில்லை.

இதனோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய இன்னொரு செய்தி 2024 இல் வந்தது. வரிக்கொப்பரன் ஒன்று தாக்குவதற்காக முன்னேறும்போது அதன் உடலிலுள்ள வரிகள் திடீரெனப் பிரகாசமாகின்றன. தாக்கி முடித்து விலகியதும் மங்கிவிடுகின்றன. சுற்றி நிற்பவை மங்கலாகவே இருக்கின்றன. "இப்போது நான் பாய்கிறேன்" என்று மற்றவற்றுக்குத் தெரிவிக்கும் அறிகுறியாக இது இருக்கலாம் என ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

வைகாசி 13

தளப்பத்து மணிக்கு 110 கிலோமீற்றர் வேகத்தில் பாய்கிறது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அது பழைய தூண்டில்காரர் கணக்கு, இன்றும் பல இடங்களில் அப்படியே எடுத்தாளப்படுகிறது. கருவி கொண்டு அளந்தபோது வேட்டையின் உச்ச வேகம் மணிக்கு ஏறத்தாழ 30 கிலோமீற்றராகவே இருந்தது. சாளைக் கூட்டத்தின் அருகில் தளப்பத்துக்கு வேகத்தைவிட அலகின் வீச்சே உதவுகிறது.

வைகாசி 17

இனி வெவ்வேறு இனங்கள் சேரும் வேட்டை. ஓங்கில், சுறா, சூரை, பறவை எல்லாம் ஒரே இடத்தில் கூடுவதற்கு உலகறிந்த எடுத்துக்காட்டு தென்னாபிரிக்காவின் கிழக்குக் கரையில் வைகாசி முதல் ஆடி வரை நடக்கும் சாளை ஓட்டமாகும். குவாசூலு-நாட்டால் கரையோரமாக வடக்கு நோக்கிச் செல்லும் சாளைக் கூட்டங்களை ஓங்கில்கள் கீழிருந்தும் பக்கங்களிலிருந்தும் நெருக்கி மேற்பரப்புக்குத் தள்ளுகின்றன. சாளைகள் இறுகிப் பந்துபோல் உருளத் தொடங்கியதும் சுறாக்கள் வருகின்றன. கேப் கன்னெட் எனும் பெரிய வெண்ணிறக் கடற்பறவைகள் ஏறத்தாழ 30 மீற்றர் உயரத்திலிருந்து தலைகீழாக விழுந்து நீருக்குள் புகுகின்றன. சில வேளைகளில் பிரைட் திமிங்கிலம் ஒன்று கீழிருந்து வாய் பிளந்து எழுந்து ஒரே மூச்சில் பெரும்பகுதியை அள்ளிச் சென்றுவிடும்.

இங்கே யார் யாருக்கு உதவுகிறார்கள்? பறவைக்கு ஓங்கிலால் பெரும் நன்மை. ஆழத்தில் இருந்திருந்தால் எட்டவே முடியாத மீன் அதன் அலகுக்குக் கிட்டே வந்துவிடுகிறது. எங்கள் கடலின் ஆலாக்களுக்கு இது இன்னும் பொருந்தும். ஆலாவால் கன்னெட்டைப் போல ஆழமாக மூழ்க முடியாது. நீரின் மேல்மட்டத்தில் கிடைப்பதை மட்டுமே கொத்தும். கீழே சூரை துரத்தாவிட்டால் ஆலாவுக்கு அன்று உணவு குறைவு. பதிலுக்கு ஆலா சூரைக்கு எதையும் செய்ய வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை.

கன்னெட்டுகளைப் பற்றிய ஆய்வொன்று தளப்பத்தைப் பற்றி மேலே எழுதியதோடு நன்றாகப் பொருந்துகிறது. வேறொரு வேட்டைக்காரர் தாக்கிய சில வினாடிகளுக்குள் அதே இடத்தில் விழும் பறவைக்கு வெற்றி வாய்ப்பு அதிகம். முதல் தாக்குதலில் கூட்டத்தின் ஒழுங்கு குலைகிறது, குலைந்த ஒழுங்கு மீண்டும் சேர்வதற்குள் விழுவது பயனடைகிறது. முன்னே தாக்கியது தெரிந்து உதவியதா என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை.

வைகாசி 18

நேற்று எழுதியதை மீண்டும் வாசித்தபோது, ஓங்கிலும் சூரையும் சேர்ந்து காணப்படுவதெல்லாம் வேட்டைக்காகவே என்று வாசகர் நினைத்துவிடக் கூடும் என்று தோன்றியது. அப்படி முடிவு செய்யக் கூடாது.

கிழக்குப் பசிபிக்கில் பெரிய மஞ்சட்செட்டைச் சூரைகள் புள்ளி ஓங்கில்களோடு நீண்ட நேரம் சேர்ந்தே நீந்துகின்றன. 1950களின் இறுதியிலிருந்து அங்குள்ள சுருக்குவலைக் கப்பல்கள் இதைப் பயன்படுத்தி, ஓங்கில்களைக் கண்ட இடத்தில் வலையை வளைத்து அடியிலிருக்கும் சூரையைப் பிடித்தன. அந்த வலைகளில் சிக்கி 60 இலட்சத்துக்கும் மேற்பட்ட ஓங்கில்கள் இறந்தன என்று கணிக்கப்படுகிறது. அமெரிக்கா 1972 இல் கடல் பாலூட்டிகளைக் காக்கச் சட்டம் இயற்றியதற்கு இது ஒரு முக்கிய காரணம். இவ்வளவு பெரிய அழிவுக்குக் காரணமான அந்தச் சேர்க்கை எதற்காக என்று ஆராய்ந்து 2012 இல் வெளியிட்டவர்கள், வயிற்றில் இருந்த உணவையும் நடமாட்டத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தனர். ஓங்கில்கள் பெரும்பாலும் இரவில் உண்டன, சூரைகள் பகலில் உண்டன, இரவில் அந்தக் கூட்டுத் தளர்ந்தது. ஒட்சிசன் குறைந்த நீர்ப்படை மேற்பரப்புக்கு மிக அருகில் உயர்ந்திருக்கும் இடங்களிலேயே இந்தச் சேர்க்கை வலுவாக இருந்தது. கீழே இறங்க இயலாமல் மெல்லிய மேற்படையில் அடைபட்ட இரு இனங்களும், பெரிய சுறா போன்ற பகைவரிடமிருந்து தப்புவதற்காகவே கூட்டமாகச் சேர்கின்றன என்பது அவர்கள் முடிவு.

வங்காள விரிகுடாவின் ஆழத்திலும் ஒட்சிசன் மிகக் குறைந்த நீர்ப்படை பரந்து கிடக்கிறது. அதனால் எங்கள் கடலில் ஓங்கிலையும் சூரையையும் சேர்த்துக் காணும்போது, முதலில் பார்க்க வேண்டியது அங்கே சிறுமீன் துள்ளுகிறதா, பறவை விழுகிறதா என்பதைத்தான். இரண்டும் இல்லையென்றால் அதனை வேட்டை என்று சொல்லாதிருப்பதே நல்லது.

வைகாசி 25

கரையிலிருந்து நான் கண்டவற்றையும் எழுதுமாறு சிலர் கேட்டிருக்கிறார்கள். என் தகப்பனார் கரைவலை மண்டாடியாக, அதாவது வலை வளைப்பை வழிநடத்துபவராக, இருந்தவர். நீரின் நிற மாற்றத்தைப் பார்த்தே கீழே வருவது கும்பளாவா சூடையா என்று சொல்லிவிடுவார். சோழகம் வீசும் மாதங்களில் எங்கள் கிழக்குக் கரை அமைதியாக இருக்கும். கரைவலைக் காலமும் அதுவே. வலை கரையை நெருங்கி மடி சுருங்கும் வேளையில், வெளியே பாரைகள் வந்து நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். வலைக்கு மேலாகத் துள்ளித் தப்பும் சூடையை அவை எடுக்கும். எடுக்கும்போது ஒன்றையொன்று மோதுவதில்லை. ஒரே பாரை மீண்டும் மீண்டும் பாய்வதும், இன்னொன்று சற்றுத் தள்ளிச் சுற்றிக்கொண்டே இருந்துவிட்டுப் பின்பு மறைவதும் உண்டு. கொப்பரன் ஆய்வில் ஏற்றத்தாழ்வு பற்றி வாசித்தபோது எனக்கு உடனே இந்தக் காட்சியே நினைவுக்கு வந்தது.

தகப்பனார் அதற்கு ஒரு விளக்கம் வைத்திருந்தார்: தள்ளி நிற்பது வயிறு நிறைந்தது, நெருங்கிப் பாய்வது பசித்தது. அது முழுக் காரணமாக இருக்க வேண்டியதில்லை என்றாலும் தவிர்க்கக்கூடிய காரணமன்று. ஒருவர் தின்ற எண்ணிக்கையை மட்டும் பார்த்து அவரை வலியவர் என்று சொல்லிவிட முடியாது; வேட்டை தொடங்கும்போது யாருடைய வயிறு எந்த நிலையில் இருந்தது என்பதும் சேர்ந்தே அமைகிறது.

போர்க்காலத்தில் கடல் நீண்ட காலம் அடைபட்டிருந்தது. அக்காலத்தில் வளர்ந்த பிள்ளைகளில் பலருக்கு இப்படிப் பார்த்துப் பழகும் வாய்ப்பே கிடைக்கவில்லை. ஆகவே கடலுக்குப் போகும் பெரியவர்கள் தாம் கண்டதை இங்கே எழுத வேண்டும் என்று மனமார வேண்டுகிறேன்.

ஆனி 1

மாங்குளத்து அக்கா கேட்கிறார்: முத்தையன்கட்டுக் குளத்தில் நீர்க்காகங்கள் கூட்டமாக மூழ்கி மீன் பிடிக்கும்போது ஒன்றிடமிருந்து ஒன்று பறிப்பதைக் கண்டிருக்கிறேன், நீங்கள் சொல்வது போலச் சண்டையே இல்லாமல் இல்லையே?

அக்கா, உங்கள் கண் சரியாகவே கண்டிருக்கிறது. இந்த இழைக்கு மிகவும் தேவையான செய்தியும் அதுவே. எந்த அளவு மீனைப் பிடித்த நீர்க்காகத்தை மற்றவை துரத்தின என்று நினைத்துப் பாருங்கள். விரல் அளவு மீனை அது நீருக்குள்ளேயே விழுங்கிவிடும். பறிக்க எவருக்கும் நேரமில்லை. பெரிய யப்பான் மீனை (திலாப்பியாவை) கவ்விக்கொண்டு மேலே வந்து, தலைப்பக்கமாகத் திருப்ப முயன்று தடுமாறும்போதுதான் மற்றவை பாய்கின்றன. விழுங்க எடுக்கும் நேரம் நீண்டால் திருட்டுக்கு வாய்ப்புத் திறக்கிறது. கடலிலும் இதே விதிதான். கொப்பரனின் சாளையைப் பறிக்க முடியாது. ஆனால் பெரிய இரையைச் சுமக்கும் விலங்குக்குப் பறிகொடுக்கும் ஆபத்தும் உண்டு, விரும்பினால் கொடுக்கும் வசதியும் உண்டு.

ஆனி 6

பவளப்பாறைப் பக்கம் ஒரு சிறு குறிப்பு. செங்கடலில் களவாய் மீன், பாம்பு போல நீண்ட உடல் கொண்ட அஞ்சாலை மீனின் பொந்துக்கு முன் சென்று தலையை வேகமாக ஆட்டி அழைப்பதும், அஞ்சாலை வெளியே வந்து களவாயோடு சேர்ந்து வேட்டைக்குப் புறப்படுவதும் 2006 இல் விவரிக்கப்பட்டது. களவாய் திறந்த நீரில் துரத்தும். அஞ்சாலை இடுக்குகளுக்குள் நுழையும். இரைக்குத் தப்ப எந்தப் பக்கமும் இல்லை. இரண்டு இனங்கள் அழைப்புக் காட்டிச் சேரும் இந்த அரிய வேட்டையிலும், பிடித்தது எதுவோ அதுவே முழுதாக விழுங்குகிறது. இம்முறை உனக்கு, மறுமுறை எனக்கு என்று நடப்பது வேட்டையின் போக்கால் தானாக நேர்கிறது.

பேய்க்கணவாயும் (ஒக்டோபசும்) மீன்களோடு இப்படிச் சேர்ந்து திரிவதுண்டு. அதோடு வரும் மீனை அது சில வேளைகளில் ஒரு கையால் குத்தித் தள்ளிவிடுவது 2020 இல் பதிவானது. இங்கே மோதலும் இருக்கிறது, கூட்டும் இருக்கிறது. குத்து வாங்கிய மீன் சற்று விலகிவிட்டு மீண்டும் வந்து சேர்கிறது.

ஆனி 15

உண்மையாகவே பங்கிடும் கடல் வேட்டைக்காரர் ஒருவரும் இல்லையா என்று தம்பி மறுபடி கேட்டிருக்கிறார். இருக்கிறார். ஓர்க்காத் திமிங்கிலம்.

வட அமெரிக்காவின் மேற்குக் கரையோரத்தில் குடும்பம் குடும்பமாக வாழும் ஓர்க்காக்கள் பெரிய சால்மன் மீனைப் பிடிக்கின்றன. சால்மன் ஒரு கவளமன்று; அதனைப் பற்களால் பற்றிக்கொண்டு மேலே வரலாம், இரண்டாகக் கிழிக்கலாம். முதிர்ந்த பெண் திமிங்கிலங்கள் தாம் பிடித்த மீனைப் பெரும்பாலும் இப்படிக் கிழித்துத் தம் உறவுகளுக்குக் கொடுக்கின்றன. பிடித்து வைத்திருக்கக்கூடிய பெரிய இரை, வாழ்நாள் முழுவதும் தாயோடு தங்கும் பிள்ளைகள் என இரண்டும் ஒன்றாக அமைந்த இடத்தில் பங்கு பிறக்கிறது. கொப்பரனுக்கும் தளப்பத்துக்கும் இவ்விரண்டில் ஒன்றுமில்லை. அவற்றின் முட்டைகள் கடலில் விடப்பட்டவுடன் தாய்க்கும் பிள்ளைக்கும் தொடர்பு அறுந்துவிடுகிறது. அருகில் நீந்துவது உறவா அயலா என்று அறிய வழியில்லை.

ஆனி 16

ஓர்க்கா எங்கள் கடலுக்கு அந்நியமானதன்று. திருகோணமலைக்கு அப்பாலும் தென்கரையிலும் அவை காணப்பட்டுள்ளன. 2013 இல் மிரிஸ்ஸவுக்கு அப்பால் ஓர்க்காக்கள் விந்துத் திமிங்கிலங்களைத் தாக்கியது படம் பிடிக்கப்பட்டது. முல்லைத்தீவிலிருந்து தொலைவுக்குச் செல்லும் நெடுநாட் படகினர் உயர்ந்த கரிய முதுகுச் செட்டையும் கண்ணுக்குப் பின் வெள்ளைத் திட்டும் கொண்ட விலங்கைக் கண்டிருந்தால் அது இதுவே.

ஓர்க்காக்கள் உறவுக்குள் பங்கிட்டாலும், பிறர் வந்தால் நிலை மாறுகிறது. நோர்வேயின் குடாக்களில் அவை ஹெரிங் கூட்டத்தைச் சுற்றி வளைத்து இறுக்கி, வாலால் அடித்து மயக்கி, ஒவ்வொன்றாகப் பொறுக்கி உண்கின்றன. அந்த நேரத்தில் கூன்முதுகுத் திமிங்கிலம் ஒன்று கீழிருந்து எழுந்து, ஓர்க்காக்கள் உழைத்துச் சேர்த்த மீன்பந்தை வாய் நிறைய அள்ளிக்கொண்டு போவதுண்டு. ஹெரிங் சிறியது, எனவே அங்கே மீண்டும் முந்தியவர் சட்டம்தான்.

ஆனி 29

கடைசியாக வந்த கேள்வி ஒரு தாயிடமிருந்து: ஓர்க்காத் தாய் எத்தனை வயது வரை பிள்ளைக்குக் கொடுக்கும்?

மகளுக்கும் மகனுக்கும் வேறுபாடு உண்டு அம்மா. மகள் வளர்ந்து தானே குட்டி ஈன்றபின் தன் வயிற்றையும் தன் குட்டியின் வயிற்றையும் தானே பார்த்துக்கொள்கிறாள். மகன் தாயைவிட உருவில் பெரியவனாக வளர்ந்த பின்பும் தாய் பிடித்த சால்மனில் பங்கு பெறுகிறான். பல பத்தாண்டுகளாகத் தனித்தனியே அடையாளங்கண்டு வைக்கப்பட்ட ஓர்க்காக் குடும்பங்களின் பதிவுகளைக் கொண்டு 2023 இல் வெளியான ஆய்வு, இதற்குத் தாய் கொடுக்கும் விலையைக் கணக்கிட்டது. பால்குடி மறந்த மகன் ஒருவன் உயிரோடு இருக்கும்போது, அந்தத் தாய் ஓர் ஆண்டில் மறுபடி ஒரு குட்டியை ஈன்று வளர்த்தெடுக்கும் வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. மகன் முதிர்ந்த வயதை அடைந்த பின்பும் அந்தக் குறைவு நீங்குவதில்லை.